கப்பித்தான் சாப்பிட்டால் தெரு ஏப்பம் விடும்

துறைமுகத்துப் பக்கம், உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் முதுகுச் சுவரில் போய் முட்டி நின்றுவிடுகிற தெரு அது, அதற்கு மேல் வழி கிடையாது, ஆகவே சுவரை ஒட்டிய கடைசி வீட்டைத் தாண்டி யாரும் எங்கேயும் போக வேண்டியதும் இல்லை. அந்தக் கடைசி வீட்டில்தான் அமலோற்பவம் இருந்தாள். அவளோடு யாருக்கும் சண்டை இல்லை. யாருக்கும் அவளிடம் ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் லாரி நடுத்தெருவோடு நின்றுவிடும், பால்காரர் முந்தின வீட்டோடு சைக்கிளைத் திருப்பிவிடுவார், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூடத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். அம்மா போன பிறகு, கப்பலுக்குப் போன தம்பி எங்கேயோ கரையேறிக் குடும்பமாகிப் போன பிறகு, உப்புக் கம்பெனியில் நாள் முழுக்கப் பாக்கெட் ஒட்டிவிட்டு வீடு திரும்பி, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, "நான்தான்" என்று வெறும் வீட்டுக்குச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. கேட்பதற்கு யாரும் இல்லை என்று தெரியாமலா சொன்னாள்? தெரிந்துதான் சொன்னாள்.

அப்படி ஒரு நாள் "நான்தான்" என்றபோது அடுப்புக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்து, தலை மட்டும் பெரிதாகவும் உடம்பு முழுக்க எலும்பாகவும் ஒரு கடுவன் பூனை, ஏதோ அவள்தான் அதன் வீட்டுக்கு அனுமதி கேட்காமல் வந்துவிட்ட மாதிரி அவளைப் பார்த்தது. கப்பல் கேப்டன் மாதிரி இருந்த அந்த மிதப்பைப் பார்த்துத்தான் அவள் கப்பித்தான் என்று பேர் வைத்தாள். மிதப்பெல்லாம் சட்டியைப் பார்க்கிற வரைக்கும்தான். சோற்றைக் கண்டால் கப்பித்தான் கப்பலையே விற்றுவிடுவான் போலத் தின்றான், தின்றுவிட்டு இன்னும் கொடு என்று கத்தினான், கொடுத்ததையும் தின்றுவிட்டு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஒரு பிடி சதை மட்டும் அவன் மேல் ஒட்டவில்லை.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அமலோற்பவம் பூசை முடிந்து வருகிற வழியில் வாங்கின சாளை மீனை மஞ்சள் போட்டு அவித்து, முள் பார்த்துப் பிசைந்து கப்பித்தானுக்கு வைத்தாள்; அவன் கடைசி வாய் தின்று உதட்டை நக்கினபோது, தெரு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரே நேரத்தில் எல்லாரும் ஏப்பம் விட்டார்கள். உலை கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பசி போய்விட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வெயிலுக்கு வயிறு மந்தம் என்று சொல்லிப் படுத்துத் தூங்கினார்கள்.

விஷயம் வெளியே வந்தது, அது மறுபடி நடந்தபோது, சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டில். பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெங்காயம் பூண்டுகூட நாள் பார்த்துச் சாப்பிடுகிற சுத்த சைவம். அவர் ஏப்பத்தில் சாளை மணத்தது. மனுஷன் இத்தனை வருஷமாக வாக்கிங் வாக்கிங் என்று எந்த ஓட்டலுக்குப் போய் வருகிறார் என்று அவர் வீட்டம்மா தலைவிரிகோலமாகத் தெருவுக்கு வந்துவிட்டாள். வந்தவள் மூச்சு வாங்க நின்றபோது அவளுக்கே ஒரு ஏப்பம் வந்தது, அதிலும் மீன் மணத்தது, அவ்வளவு பேச்சும் அதோடு நின்றது. பிறகு ஆளாளுக்கு ஏப்பத்தின் நேரத்தைச் சொல்லி, மணத்தைச் சொல்லி, அன்றைக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கடைசி வீட்டு வாசலில் கும்பலாக நின்றார்கள். உள்ளே கப்பித்தான் தட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

ஆச்சரியப்பட நேரம் இல்லை, ஆளுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. எதிர்வீட்டு ரஹ்மத் பீவி, பிறத்தியார் சமைத்த குழம்பில் உப்பு பார்க்கிறது அவள் பிறவி உரிமை, மஞ்சளோடு கொஞ்சம் மிளகும் தட்டிப் போட்டால் நன்றாயிருக்கும் என்றாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் சோறு வேண்டாம் மீன் மட்டும் வையுங்கள் என்றார்கள். அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தயிர்ச்சோறு வைத்தால் புண்ணியமாகப் போகும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் தெருவில் கேஸ் சிலிண்டர் ரெண்டு பங்கு காலம் வந்தது, ராத்தூக்கம் ஆழமானது, புருஷன் பெண்டாட்டிக்குள் குழம்பு சரியில்லை என்கிற சண்டை ஒழிந்தது. தெருமுனை சலூனில் உள்பக்கத்து நாற்காலி வரைக்கும் அந்த நிறைவு எட்டும், வாசல் பக்கத்து நாற்காலிக்கு எட்டாது என்று கண்டுபிடித்து, முடி வெட்டுகிறவர் பக்கத்துத் தெருக்காரர்களை உள்நாற்காலியில் உட்கார வைக்க மறுத்தார்.

எல்லாரையும்விட அதிகமாக நிறைந்தது பிரகாசி வீடு. அவள் புருஷன் கப்பலுக்கு என்று போனவன், போன இடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை; மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்தாள், ஆனால் யாரிடமும் போய் ஒரு கரண்டி மாவு கேட்டதில்லை, அவ்வளவு வைராக்கியம். கப்பித்தான் தின்றபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கேட்டு வாங்காத சோறு, யாரும் கொடுத்ததாகச் சொல்லிக் காட்ட முடியாத சோறு, அதைப் பிரகாசி தலை நிமிர்ந்தே ஏற்றுக்கொண்டாள்.

அமலோற்பவம் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள். இதை நீங்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்துவிடுவார்கள், இன்றைக்கு என்ன வைக்கப்போகிறாய் என்பார்கள், மருமகளைப் பற்றிச் சொல்லுவார்கள், மூட்டுவலியைப் பற்றிச் சொல்லுவார்கள், அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், "அமலி அக்கா, நீங்களும் உக்காருங்க" என்று ரஹ்மத் பீவி கையைப் பிடித்து இழுப்பாள். வெறுங்கையைத் தொட ஓர் ஆள் இல்லாமல் எத்தனை காலம் இருந்தவள் அவள்! வேலை முடிந்து வரும்போதே வாசலில் ஆள் இருந்தது, "நான்தான்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அவள் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நிறைவு அவள் வயிற்றுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஊரே ஏப்பம் விடும்போது அவளும் வாயைத் திறந்து, தொண்டையில் காற்றைச் சேர்த்து, ஒரு பொய் ஏப்பம் விடுவாள். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அடிச்சட்டியில் மிஞ்சினதை நின்றபடியே சாப்பிட்டுக்கொள்வாள். இதையும் சொன்னால், ஏதோ அவள் வீட்டுக்கே அவள் சேர்த்தி இல்லை என்பது போல ஆகிவிடுமே என்று பயந்தாள்.

இன்னொன்றையும் அவள் பார்க்காமல் இல்லை. கப்பித்தான் மேலும் மேலும் இளைத்தான். முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, ரோமம் எண்ணெய் இறங்கின தலை மாதிரி பிசுபிசுத்து ஒட்டிக்கிடந்தது, வெளிக்குப் போனால் வெளுத்து, கொழுப்பு மிதந்து, நாற்றம் தாங்க முடியவில்லை. ஒரு நாள் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தினமும் நினைத்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். தெரிந்தேதான் விட்டாள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

பிறகு தவக்காலம் வந்தது. அந்த வருஷம் பார்த்து ரம்ஜானும் அதோடு சேர்ந்து வந்தது, பங்குனி உத்திரமும் அதற்குள்ளேயே விழுந்தது. தெருவில் பெரிய குழப்பமாகிப் போனது. பகலில் பூனை தின்றால் தன் நோன்பு என்ன கதி என்று ரஹ்மத் பீவி கேட்டாள். கிறிஸ்தவர்கள் மாதாகோவில் சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, வாய் வழியாகப் போகாதது ஒருவேளை மட்டும் உண்ணுகிற ஒருசந்தியைக் கெடுக்காது, ஆனால் வயிறு நிறைந்த ஆள் நான் ஒருசந்தி இருக்கிறேன் என்று சொன்னால் அது தனிப் பாவம் என்று சொல்லிவிட்டார். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் போக வேண்டும், அதுவரைக்கும் விரதம், மீன் வாசனையே ஆகாது. பூனைக்கு நல்லது பொல்லாதது பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் விரதம் அவரவருக்குப் பெரிது, ஆளுக்கொரு விரதத்தை எடுத்து அந்தப் பூனையின் தலையில் வைத்தார்கள். கிறிஸ்தவர்களுக்காக அது ஒரே வேளை சாப்பிட்டது, முஸ்லிம்களுக்காக அந்த ஒரு வேளையையும் சாயங்காலப் பாங்கு சொன்ன பிறகு சாப்பிட்டது, அண்ணாச்சிக்காக அதையும் தயிர்ச்சோறாகச் சாப்பிட்டது. இத்தனை மதத்துக்கும் சேர்த்து விரதம் இருந்த ஜீவன் அந்த ஊரில் வேறு எதுவும் கிடையாது. அமலோற்பவம் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சரி என்று சொன்னால்தானே நாளைக்கும் வருவார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்கு வைத்த தயிர்ச்சோற்றை அது தொடவில்லை. சனிக்கிழமை காலையில் அமலோற்பவம் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, தொடாத சட்டியின் விளிம்பில் தலையை வைத்துப் படுத்திருந்தது, கூப்பிட்டால் கண் மட்டும் திறந்தது. ஊரெல்லாம் நிறைந்த சோறு, தின்ற வாய்க்கு மட்டும் சேரவில்லையே என்று நினைத்தாள், தனக்கும் சேரவில்லையே என்றும் நினைத்தாள், ரெண்டையும் சேர்த்து நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மீன் கூடையில் பழைய சேலையை விரித்து அதைப் படுக்க வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே இருந்த இளவயது டாக்டர் கப்பித்தானின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஒரு சத்து ஊசியும் போட்டார். அமலோற்பவம் தெருவில் நடப்பதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், போன வாரம்கூட இதைவிட விசேஷமான மாடு ஒன்றைப் பார்த்தேன் என்பது போன்ற முகத்தோடு. கணையம் என்று வயிற்றுக்குள் ஓர் உறுப்பு உண்டு, சோற்றைக் கரைக்கிற சாறு அதிலிருந்துதான் சுரக்க வேண்டும், இதற்கு அது சுரக்கவே இல்லை என்றார்.

"சாப்பிடுறது உள்ள போகுதும்மா, இதுக்குச் சேரல. எங்க போகுதுன்னு நான் படிச்சதில்ல. இதுக்கே சேர வைக்க மருந்து இருக்கு."

மனுஷருக்குக் கொடுக்கிற காப்ஸ்யூல்தான். அதைப் பிரித்து, உள்ளே இருக்கிறதை ஈரமான சாப்பாட்டில் நன்றாகப் பிசைய வேண்டும், சாப்பாடு சூடாக இருக்கக் கூடாது. பிசைந்து அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட வேண்டும், சாறு வயிற்றுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் சட்டியிலேயே தொடங்கிவிடும். அவசரப்பட்டு அப்படியே கொடுத்தால் வாய் புண்ணாகும். ஒரு வேளை, ரெண்டு வேளை இல்லை, இனி அது சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைக்கும், உயிரோடு இருக்கிற வரைக்கும் போட வேண்டும். மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்றும் சொன்னார். ஏன் இத்தனை நாள் கொண்டுவரவில்லை என்று அவர் கேட்டபோது அவள் கூடையில் விரித்த சேலையை இழுத்துச் சரிசெய்தாள்.

அவள் கூடையோடு திரும்பி வந்தபோது தெரு அவள் வீட்டு வாசலில் இருந்தது. ஆறு நாற்காலியும் நிறைந்து, மீதிப் பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராக உள்ளே போய், கொஞ்சம் மீனை அவித்து, ஆற வைத்து, காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிப் பிசைந்தாள். சட்டியை எடுத்து வந்து, எல்லாருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இந்த மருந்து போட்டால் இனி சோறு கப்பித்தானுக்கே சேரும், உங்களுக்கு வராது என்றாள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அது லேசில் போகவில்லை. கப்பித்தான் கூடைக்குள் தலையைத் தூக்கி மீன் வந்த திசையில் மூக்கை நீட்டி, சத்தம் வராத வாயால் கத்தினான். முதலில் பேசினது சங்கரலிங்கம் அண்ணாச்சி. கணக்கு வழக்கு பார்த்துப் பழகின மனுஷன், ஒரு சமாதானம் கொண்டுவந்தார். பாதி மருந்து போட்டால் பூனைக்குப் பாதி சேரும், தெருவுக்குப் பாதி வரும், யாருக்கும் நஷ்டம் இல்லை பார் என்றார்.

"பாதி உசுரா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அமலோற்பவம். அவர் செருப்பைப் பார்த்தார்.

ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நோன்பு எங்களுக்குத்தான், வாயில்லா ஜீவனுக்கு இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும் என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னவள் எழுந்து போகவில்லை.

பிரகாசி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கைகளில் மீன் செதில் காய்ந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அது ஒரு உசுருக்கா. எம் புள்ளைங்க மூணு உசுரு."

இந்தக் கேள்வி வரும் என்று ஆட்டோவிலேயே அமலோற்பவத்துக்குத் தெரியும், வழி நெடுக அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஒம் புள்ளைங்களுக்கு நான் சோறு போடுதேன், பிரகாசி. என் உசுரு இருக்கிற வரைக்கும் போடுதேன். இதச் சாக விடச் சொல்லாத."

பிரகாசியின் முகம் மாறிப்போனது. பூனை வழியாக வந்தபோது அது யார் போட்ட சோறும் இல்லை. இப்போது அதற்கு ஒரு கை வந்துவிட்டது. அவள் இறங்கிப் போனாள். அமலோற்பவத்துக்கு ஓடிப்போய் அவளைக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது, மடியில் சட்டி இருந்தது.

அரை மணி கழிந்ததும் அவள் சட்டியைக் கூடைக்குள் வைத்தாள். கப்பித்தான் முதலில் நக்கினான், பிறகு தின்றான், எப்போதும் போல அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், பல் வலிக்கிற கிழவர் மாதிரி நிதானமாகத் தின்றான். கடைசி வாய் தின்று உதட்டை நக்கினான். தெரு முழுக்க வாயைப் பாதி திறந்து காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. கப்பித்தான் மட்டும் ஒரு கொட்டாவி விட்டு, கூடைக்குள் சுருண்டு, தூங்கிப்போனான். எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், அரிசி ஊறப் போடவில்லை என்றார்கள், துணி காய்கிறது என்றார்கள், யாரும் கோபமாகப் போகவில்லை. கோபம் இருந்தால் திட்டவாவது வருவார்களே என்று அமலோற்பவம் நினைத்தாள். ஆறு நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்தாள்.

மறுநாள் முதல் அவள் கூடுதலாக ஒரு படி அரிசி போட்டாள். மூடி போட்ட தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் வைத்துப் பிரகாசி வீட்டு மதில் மேல் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். முதல் நாள் வைத்தது வைத்தபடியே இருந்தது, குழம்பு புளித்திருந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். ரெண்டாம் நாளும் அப்படியே. எத்தனையாவது நாள் என்று அவளுக்கு நினைவில்லை, ஒரு நாள் சட்டி தேய்த்துக் கவிழ்த்து மதில் மேல் இருந்தது. வெறும் சட்டியைத் திருப்பித் தருகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது, ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்; பிரகாசி வெறுஞ்சட்டியாகவே வைத்தாள், ஒரு நாள் தவறாமல் வெறுஞ்சட்டி. நன்றியும் இல்லை, உறவும் இல்லை, பிள்ளைகள் தின்கிறார்கள், அவ்வளவுதான். அதுவும் நியாயம்தான் என்று அமலோற்பவம் எடுத்துக்கொண்டாள்.

கப்பித்தான் தேறினான். ரோமம் பளபளத்தது, விலா எலும்பெல்லாம் உள்ளே போனது. பசி அடங்கின பூனைக்கு வீட்டில் என்ன வேலை? வேளைக்கு வருவான், அவள் பிசைந்து வைத்துக் காத்திருக்கிற அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருப்பான், தின்பான், மதிலில் ஏறிக் கிட்டங்கிப் பக்கம் குதித்துவிடுவான். காலைச் சுற்றுகிறது நின்றுபோனது. அவள் காலைச் சுற்றினது பிரியம் இல்லை, பசி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, ரொம்ப வலித்தது. இந்த வீட்டுக்கு வந்த உயிரெல்லாம் பசியில் வந்தது, பசி தீர்ந்தால் போனது. மறுபடியும் லைட்டைப் போட்டு "நான்தான்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம், மதில் மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்து, கப்பித்தானுக்கு வைக்க வேண்டியதை வைத்து, அவன் தின்றுவிட்டு மதில் தாண்டினதையும் பார்த்த பிறகு, அவளுக்கு என்ன தோன்றியதோ, அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் போட்டு, அடிச்சட்டியில் மிஞ்சினதை நின்றபடியே தின்னாமல், தட்டில் சோறு போட்டு, சாளைக் குழம்பு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், ஜன்னல் வழியாகக் கப்பித்தான் உள்ளே குதித்தான். பழக்கத்தில் அவள் ஒரு துண்டு மீனை எடுத்துவிட்டாள், அப்புறம்தான் மருந்து போடாததாயிற்றே என்று கையை இழுத்துக்கொண்டாள். இழுத்திருக்க வேண்டியதே இல்லை. அவன் மீனைப் பார்க்கவில்லை. நடந்து வந்து, அவள் காலடியில், காலில் படாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

ஏதாவது கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு ஆறுகிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சாப்பிட்டாள், மறுசோறு போட்டுக்கொண்டாள், முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, அவசரமே இல்லாமல், தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது அவள் அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பி, வீடே அதிர வந்தது.

கப்பித்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"நான்தான்" என்றாள் அமலோற்பவம்.